தழும்புச் செல்லைத் தாக்கும் மருந்து: அப்பாவுக்காகக் காத்திருக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு வயது 63. பல வருடமாகச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் அளவு) 41 என்று வந்திருக்கிறது. கிட்னியில் தழும்பு உண்டாக்கும் செல்களையே தாக்கும் மருந்து வரப்போவதாகப் படித்தேன். வந்தால் அப்பாவுக்குச் சரியாகிவிடுமா? அதுவரை இத்தனை மாத்திரை எதற்கு என்கிறார் அப்பா."

மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நாள்பட்ட நோய் கண்ட சிறுநீரகத்தின் ஒரு துணுக்கை டிரைக்ரோம் சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சிவப்பு நுண்குழாய்களுக்கு நடுவே நீலம் பரவிக் கிடக்கும். அந்த நீலம்தான் கொலாஜன், அதாவது தழும்பு. நல்ல சிறுநீரகத்தில் குழாய்கள் நெருக்கமாக இருக்கும், நீலம் மெல்லிய கோடாகத்தான் தெரியும். சுகரில் தொடங்கினாலும் பிரஷரில் தொடங்கினாலும் நோய் கடைசியில் இந்த நீலத்தில்தான் வந்து நிற்கிறது.

இந்தக் கொலாஜனைச் சுரப்பவை மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். ஜெர்மனியின் ஆகென் நகரைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் குப்பே, ரஃபேல் கிராமன் குழுவினர் மனிதச் சிறுநீரகங்களிலிருந்து பல்லாயிரம் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். இரத்தக் குழாய்களை ஒட்டி வாழும் பெரிசைட்டுகளும் திசுக்களைத் தாங்கிப் பிடிக்கும் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளுமே பெரும்பாலும் தழும்புச் செல்களாக மாறுகின்றன என்று 2021இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதிகம் கொலாஜன் சுரக்கும் செல்களில் என்கேடி2 என்ற புரதம் இருப்பதையும் கண்டார்கள். ஆய்வகத்தில் அதை நீக்கியபோது கொலாஜன் குறைந்தது. நீங்கள் படித்தது இந்த வகை ஆராய்ச்சியாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஏன் தாமதம்? என்கேடி2 செல்லுக்கு உள்ளே இருக்கிறது. குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி மருந்தோ செல்லுக்கு வெளியே இருப்பதை மட்டுமே பிடிக்கும். பிடிஜிஎஃப்ஆர் பீட்டா என்ற புரதம் வெளியே இருக்கிறது, ஆனால் மூளை உட்பட உடம்பெங்கும் உள்ள நல்ல பெரிசைட்டுகளிலும் இருக்கிறது. தழும்புச் செல்லின் மேல் மட்டும் இருந்து, மற்ற இடங்களில் இல்லாத ஒன்றுதான் வேண்டும். அது கிடைப்பது லேசில்லை. தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப் பீட்டாவையே அடைக்கும் ஆன்டிபாடியைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். பலன் தெரியாமல் அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். எஃப்ஏபி என்ற மேற்பரப்புப் புரதத்தைக் குறிவைத்து 2019இல் எலிகளின் இதயத் தழும்பைக் குறைத்திருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தரும் வேலை அது. ஆனால் எலியின் இதயத்திலிருந்து உங்கள் அப்பாவின் சிறுநீரகத்துக்கு வர நெடுந்தூரம் இருக்கிறது.

அதுவரை நேரத்தை வாங்கித் தருபவை அப்பா சலித்துக்கொள்ளும் அந்த மாத்திரைகள்தான். எனாலபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டியின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைக்கின்றன. சுகருக்கும் கொடுக்கப்படும் டாபாகிளிஃபுளோசின் மாத்திரையைச் சிறுநீரக நோயுள்ள 4,304 பேரிடம் சோதித்து 2020இல் முடிவு வெளியானது: சிறுநீரகம் வெகுவாகக் கெடுவது, செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதய நோயால் சாவது, இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. பெரும்பாலோர் எனாலபிரில் வகை மருந்தோடு சேர்த்தே இதை எடுத்தார்கள். அப்பாவுக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகத்தைக் காக்கும் இன்னொரு மாத்திரையான ஃபினரினோன் பற்றியும் கேளுங்கள், அதற்குப் பொட்டாசியத்தைக் கவனிக்க வேண்டும். வாந்தி, பேதி கண்டால் எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது என்றும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம்.

நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் நம் ஊரிலேயே நடந்தது. 1997இல் டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சூப்ரமணி, 41 வயதுக்காரர், சர்க்கரை நோயாளி, டயாலிசிஸ் கேட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். வசதி போதாததால் யாருக்குத் தருவது என்று மருத்துவமனை வகுத்த விதி நியாயமானதே என்று நீதிமன்றம் சொன்னது. சில நாட்களில் அவர் இறந்தார். அரசு மருத்துவமனைகளில் இன்றும் எல்லாருக்கும் டயாலிசிஸ் இடம் கிடைப்பதில்லை. 41இல் இருக்கும் இஜிஎஃப்ஆரை அங்கேயே பிடித்து வைப்பதுதான் இப்போது பெரிய சிகிச்சை.

சிறுநீரில் அல்புமின் எவ்வளவு போகிறது என்று காட்டும் ஏசிஆர் பரிசோதனை அறிக்கை உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் குறிப்பிடவில்லை. இல்லையென்றால் அடுத்த கிளினிக் நாளில் காலைச் சிறுநீரைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய மருந்துக்கான ஆய்வில் அப்பாவைச் சேர்க்கலாம் என்று யாராவது வந்தால், தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்துக்குப் பணம் கேட்டால் சேர்க்காதீர்கள்.