கொட்டான் முடைந்த கை

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் வலது கை பலவீனமாகிவிட்டது. சிறு வயதிலிருந்தே கொட்டான் (பனையோலைக் கூடை) முடைந்தவர். தெரபியில் பாசிமணி கோக்கச் சொன்னால், "நான் என்ன குழந்தையா?" என்று கோபப்படுகிறார். பனையோலையைக் கையில் கொடுக்கலாமா? ஸ்பூனால் சாப்பிடவும் மறுக்கிறார். – ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாசி கோப்பதில் விரலுக்கு என்ன வேலையோ, ஓலையைக் கிள்ளிப் பிடித்து அடியில் நுழைப்பதிலும் அதே வேலைதான். பாசி எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஓலை எதற்கென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பழையபடி மெல்லிய ஓலையில் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு விரல் அகலத்துக்கு வார்ந்து, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், ஒடியாமல் மடங்கும். நுனிகளைத் துணி கிளிப்பால் ஒரு பலகையில் பிடித்துவிட்டால், இடது கை முடையும்போது வலது கை அழுத்திக்கொண்டிருந்தால் போதும். முதல் சில வாரங்களுக்கு அதுவே பெரிய வேலை. கொட்டானாக வளைப்பதெல்லாம் அப்புறம்; முதலில் சின்னதாக ஒரு தடுக்கு. பின்னல் தப்பினால் நீங்கள் வாங்கிச் சரிசெய்யாதீர்கள். அவரே பிரிக்கட்டும், பிரிப்பதும் பயிற்சிதான். பத்து நிமிடம் போதும். விரல்கள் இறுகி மடங்கினாலோ, தோள் மேலே ஏறினாலோ அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

அவரைக் கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறீர்கள் என்று கேளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் ஓலை கீறுவதே தெரியாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மரத்துப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, 1950களில் அந்த நோயாளிகளுக்குத் தச்சு வேலை பழக்கினார். கருவி பிடித்துக் கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது என்பதால், கைகளைத் தினமும் பார்ப்பதை அங்கே வழக்கமாக்கினார்கள். நீங்களும் முடைந்து முடிந்ததும் ஒவ்வொரு விரலாகப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கையால் சாப்பிடட்டுமே! சாதத்தைக் கொஞ்சம் குழைய வடித்து, விளிம்பு உயர்ந்த தட்டில் போடுங்கள். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. ரசத்துக்கு மட்டும் ஸ்பூன். அதன் காம்பில் கழுவிய சைக்கிள் டியூபைக் கட்டைவிரல் பருமனுக்கும் சற்று கூடுதலாகச் சுற்றுங்கள், வழுக்காது. விழுங்கும்போது இருமலோ புரையேறலோ இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது அந்தப் பலகையையும் ஓலையையும் எடுத்துச் செல்லுங்கள். பலகை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார்.