அம்மாவின் டிக்கெட்டில் யாருடைய எண்?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. தங்கையின் பேறுகாலத்துக்காக ஷார்ஜா செல்லவிருந்தார். திங்கள் அதிகாலை விமானம். நள்ளிரவில் டாக்சி பிடித்துத் திருவனந்தபுரம் போன பிறகுதான் விமானம் ரத்தானது தெரிந்தது. சனிக்கிழமை மாலையே தகவல் அனுப்பிவிட்டதாக நிறுவனம் சொல்கிறது. எனக்கு அலுவலகச் செய்திகளே ஓயாமல் வருவதால், டிக்கெட்டில் ஏஜெண்டின் எண்ணைப் போடச் சொல்லியிருந்தேன். ஞாயிறன்று அவர் கடை திறக்கவில்லை. 10,000 ரூபாய் இழப்பீடும் மன உளைச்சலுக்குத் தனித் தொகையும் கிடைக்குமா?
— வாசகர், மார்த்தாண்டம் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: விமான நிறுவனத்தைப் பல பக்கங்களுக்குத் திட்டியிருக்கிறீர்கள். ஏஜெண்டின் எண்ணைப் பற்றி எழுதியது ஒரே ஒரு வாக்கியம். உங்கள் கோரிக்கை சிக்கி நிற்பது அந்த வாக்கியத்தில்தான்.

நீங்கள் கேள்விப்பட்ட 10,000 ரூபாய், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-ஆம் ஆண்டு வெளியிட்டுப் பின்னர் திருத்திய விதியில் உள்ளது. முன்கூட்டித் தெரிவிக்காமல் ரத்து செய்யும் இந்திய விமான நிறுவனம், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு அந்தத் தொகையையோ, ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையையோ, எது குறைவோ அதைத் தர வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவித்துவிட்டால், மாற்று விமானமோ முழுக் கட்டணமோ கொடுப்பதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை மாலைக்கும் திங்கள் அதிகாலைக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். முன்பதிவின்போது சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்றும் அதே விதி சொல்கிறது.

மகளுக்கு லேகியம் கிண்டிப் பெட்டியில் கட்டிக்கொண்டு கடல் கடந்து போகிறவர் உங்கள் தாய். அவரைப் பற்றிய ஒரு செய்தி உங்கள் கைப்பேசியில் ஒலிப்பதைத் தொல்லை என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டுப் போகிற மனிதரிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். பெற்ற தாய்க்குத் தகவல் சொல்லும் வேலையை மகன் கூலிக்கு விடலாம் என்று நான் கருதவில்லை. மன உளைச்சல் உங்களுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். விமான நிலையத்தில் பெட்டியோடு நின்றவரின் உளைச்சலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இனி, உண்மையில் உங்களுக்கு வர வேண்டியது. முழுக் கட்டணத்தையோ மாற்று விமானத்தையோ எழுத்து மூலம் கேளுங்கள். 'ஏஜெண்டிடம் போய்க் கேள்' என்று நிறுவனம் கைகழுவ முடியாது. ஏஜெண்ட் அதன் பிரதிநிதி என்பதால், பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையதே. வீணான டாக்சிக் கூலிக்கு ஏஜெண்டைத்தான் கேட்க வேண்டும். தன் எண்ணைக் கொடுத்தவர் வந்த தகவலைச் சேர்க்காதது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில், இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கறிஞர் இல்லாமலும் புகார் கொடுக்கலாம். அவர் தெரிந்தவர், எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள்; முகம் தெரியாத நிறுவனத்தின் மீது பாய்வதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்று சந்தேகிக்கிறேன். ஆனால் அந்த எண்ணைப் போடச் சொன்னதே நீங்கள்தான் என்று அவர் பதில் சொல்வார். அதையும் எதிர்பார்த்துக்கொண்டே போங்கள்.

அடுத்த டிக்கெட்டில் உங்கள் எண்ணைக் கொடுங்கள். அலுவலகச் செய்திகள் தொல்லையாக இருந்தால், அவற்றின் ஒலியை அணைத்து வையுங்கள்.