மாருதி 800: வீட்டில் எஞ்சின் மாற்றுகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

முப்பது வருடம் 800-க்கென்றே ஷெட் நடத்தியவன் நான். இந்த வண்டி 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இப்போதும் வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்: பாடி நன்றாக இருந்து எஞ்சின் போன வண்டி ஒன்று, எஞ்சின் நன்றாக இருந்து பாடி துருப்பிடித்த வண்டி ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒரு வண்டி ஆக்க முடியுமா? முடியும். கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காரைக்குடி: ஐயா, அப்பாவின் 1997 கார்புரேட்டர் வண்டி நீலப் புகை தள்ளுகிறது. 1999 மாடல் ஒன்று, தரையெல்லாம் துருவோடு, எஞ்சின் ஓடும் நிலையில் கிடைத்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, முதல் நாள் ஸ்பேனரை எடுக்காதீர்கள். அந்த எஞ்சின் அதன் வண்டியிலேயே இருக்கும்போது சோதித்துவிடுங்கள். கழற்றிக் கீழே வைத்த பிறகு அது நல்லதா கெட்டதா என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

எஞ்சினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி கேஜ் வைத்துக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, எஞ்சின் எண். பிளாக்கில் குத்தியிருப்பதும் ஆர்.சி.யில் இருப்பதும் ஒன்றுதானா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். எண் சுரண்டியிருந்தால் எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் வேண்டாம், திருட்டு வண்டியின் எஞ்சினாக இருக்கலாம்.

கழற்றும்போது பேட்டரி நெகட்டிவ் முதலில். பிறகு ரேடியேட்டர் தண்ணீர், கியர் ஆயில் இரண்டையும் இறக்குங்கள். கியர் ஆயிலை இறக்காமல் டிரைவ் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) இழுத்தால் வாசல் முழுக்க ஆயில்தான். ஒவ்வொரு ஒயர், ஒவ்வொரு ஹோஸிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள், போட்டோவும் எடுங்கள். எஞ்சின் வெளியே வந்ததும் பின்பக்க ஆயில் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், மவுண்டிங் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இதில் மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் அதே வேலையை மறுபடி செய்வீர்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை. எஞ்சினை எதில் தொங்கவிடப் போகிறீர்கள்?

பல்லடம்: அண்ணா, எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஊஞ்சல் கொக்கி உறுதியாக இருக்கிறது. செயின் பிளாக்கை (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) அதில் மாட்டலாமா?

கூடாது. ஊஞ்சல் கொக்கி எத்தனை வருடம் ஆட்களைத் தாங்கியது என்பது இங்கே கணக்கில்லை. எஞ்சினை வெளியே எடுக்கும்போது பாரம் நேராக இழுக்காது. மவுண்டிங் சிக்கும், ஒரு பக்கம் சாயும், திடீரென்று விடுபட்டு ஒரு குலுக்குக் குலுக்கும். கான்கிரீட்டுக்குள் அந்தக் கம்பி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

1998-இல் என் ஷெட்டிலேயே செயின் பிளாக் வேறு வேலைக்குப் போயிருந்தது என்று நைலான் கயிற்றில் தொங்கவிட்டேன். ஆயில் பட்ட கயிறு வழுக்கியது. இடது மோதிர விரலின் நுனி எனக்கு இல்லை. கிணற்று மோட்டார் தூக்குகிறவர்களிடம் இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு நாள் வாடகையைப் பார்க்காதீர்கள்.

விழுப்புரம்: ஆம்னி எஞ்சினை 800-இல் போடலாமா? இரண்டும் 796 சிசி தானே?

குடும்பம் ஒன்று, உட்காரும் விதம் வேறு. ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே நீளவாக்கில் இருந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. 800-இல் குறுக்குவாக்கில் இருந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. வீட்டில் செய்கிற வேலை அல்ல.

தேனி: செலவு எவ்வளவு ஆகும்?

எஞ்சின் நிலையைப் பொறுத்தது. பார்க்காமல் தொகை சொல்ல மாட்டேன்.

ஆம்பூர்: சார், முக்காலி, செயின் பிளாக் எல்லாம் எதற்கு? 800 எஞ்சின் சின்னது. நாங்கள் சவுக்குக் கம்பில் கட்டி இரண்டு பேர் தோளில் வைத்துத் தூக்கிவிடுவோம். இருபது வண்டி செய்தாயிற்று.

தூக்க முடியும், நானும் பார்த்திருக்கிறேன். வெளியே எடுப்பதைவிட உள்ளே வைக்கும்போதுதான் ஆபத்து. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் நேராக நுழைய வேண்டும். அதுவரை எஞ்சின் அசையாமல் நிற்க வேண்டும். தோள் பத்து நிமிடம் ஆடாமல் நிற்காது. பாரம் முழுதும் அந்த ஷாஃப்டில் தொங்கினால் பிளேட் வளையும். அப்புறம் கிளட்ச் விடாது, கியர் விழாது.

ஆம்பூர் மறுபடி: நாங்கள் கியர்பாக்ஸோடு சேர்த்தே எடுக்கிறோம். கிளட்சைத் தரையில் வைத்தே சேர்த்துவிடுவோம். பிளேட் எப்படி வளையும்?

இது நியாயமான பதில். கியர்பாக்ஸோடு எடுத்தால் கிளட்ச் பற்றி நான் சொன்னது பொருந்தாது. வீட்டில் செய்கிறவர்களுக்கும் அதுவே நல்ல வழி. ஆனால் பாரம் கூடுகிறது. டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் அதன் இடத்தில் நுழைக்க வேண்டும், ஷாஃப்டின் பல் சீலைக் கிழிக்காமல் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் தலையையும் கையையும் உள்ளே விட்டே ஆக வேண்டும். கம்பைத் தாங்குகிறவருக்கு இருமல் வந்தால் உள்ளே இருக்கிறவர் கை என்ன ஆகும்?

ஒட்டன்சத்திரம்: ஆம்பூர்க்காரர் சொல்வது சரி. எங்கள் ஊரில் புளியங்கிளையில் செயின் பிளாக் மாட்டுவோம், வண்டியைத் தள்ளிவிட்டு இறக்குவோம்.

உயிருள்ள தடித்த கிளை, அடிமரத்தை ஒட்டி மாட்டினால் ஊஞ்சல் கொக்கியைவிட நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முருங்கை, வேம்பின் காய்ந்த கிளை என்று யாரும் போய்விடாதீர்கள். எதில் மாட்டினாலும் கீழே யாரும் நிற்கக்கூடாது. இருபது வண்டி நன்றாக நடந்தது என்பதை வைத்து இருபத்தோராவது வண்டிக்கு உறுதி சொல்ல முடியாது, ஆம்பூர்த் தம்பி. உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு முதல்முறை செய்கிறவருக்கு அது இல்லை. எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை.

நாகர்கோவில்: எஞ்சின் மாற்றியாயிற்று. சாவி திருப்பினால் செல்ஃப் டிக் டிக் என்கிறது, கிளட்ச் கேபிளில் புகை வருகிறது!

உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில் உள்ள எர்த் பட்டையை மாட்ட மறந்துவிட்டீர்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. செல்ஃபுக்குப் போன மின்சாரம் திரும்பி வர வழி தேடி, கிளட்ச் கேபிளின் கம்பி வழியாகப் பாடிக்குப் போகிறது. மெல்லிய கம்பி, அதனால் சுடுகிறது. பட்டையின் இரண்டு முனையையும் பெயின்ட், துரு போகச் சுரண்டி இறுக்குங்கள். கிளட்ச் கேபிளையும் மாற்றிவிடுங்கள், உள்ளே உருகியிருக்கும். ஆக்ஸிலரேட்டர் கேபிளையும் இழுத்துப் பாருங்கள்.

மதுரை: கார்புரேட்டர் வண்டியில் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின்?

எம்.பி.எஃப்.ஐ. என்றால் கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் சொல்கிற அளவில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின். அந்த எஞ்சினோடு கம்ப்யூட்டர், முழு ஒயரிங், சென்சார்கள், பெட்ரோல் பம்ப் எல்லாம் கூடவே வர வேண்டும். முழு வண்டியும் கையில் இருந்தால் யோசியுங்கள். மாறாக, எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கார்புரேட்டர் எஞ்சின் வேண்டாம். மாசு நெறியில் கீழே இறங்கும் மாற்றத்துக்கு அனுமதி எதிர்பார்க்காதீர்கள்.

கடலூர்: ஆம்னி எஞ்சின் 800-க்குப் பொருந்துமா?

விழுப்புரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேலம்: ஸ்பிளெண்டர் எஞ்சினை பேஷனில்...

இருசக்கர வண்டி என் துறை அல்ல. உங்கள் ஊர் பைக் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

திண்டிவனம்: ஆர்.டி.ஓ.விடம் சொல்ல வேண்டுமா? அதே மாடல் எஞ்சின்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவியுங்கள், புதிய எண் ஆர்.சி.யில் ஏறட்டும். எஞ்சின் கொடுத்த வண்டியின் ஆர்.சி. நகலும் வாங்கிய ரசீதும் வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டியைப் புதுப்பிக்கப் போகும்போது எண்ணைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் பார்ப்பார்.

ஈரோடு: ஆம்னி எஞ்சின்...

மேலே இரண்டு முறை வந்துவிட்டது.

காரைக்குடி மறுபடி: ஐயா, முக்காலி வாடகைக்கு எடுத்தோம். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யலாமா?

முக்காலி என்று படித்ததும் மனசு நிறைந்தது. கொஞ்சம் பொறுங்கள். எர்த் பட்டை மாட்டியாயிற்றா? கியர் ஆயில் ஊற்றியாயிற்றா? இந்த இரண்டையும்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிளக்குகளைக் கழற்றி, பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயிலின் ஒயரை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃபை விட்டு விட்டுச் சுற்றுங்கள். அணைந்த பிறகுதான் பிளக்கைப் போட வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துத் தண்ணீர் நிரப்பி, குமிழி நிற்கும்வரை மெதுவாக ஓடவிடுங்கள். ஃபேன் ஒருமுறை தானாகச் சுற்றி நிற்கட்டும். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்தபின் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிட்டு அப்பாவிடம் சாவியைக் கொடுங்கள்.