மூன்றே நாளில் கழன்று வரும் ஜெல் பாலிஷ்

கேள்வி: அக்கா, கையை வெந்நீரில் ஊறவைத்து, சுத்தம் செய்துதான் வீட்டில் ஜெல் பாலிஷ் போடுகிறேன். மூன்றாம் நாளே ஓரத்தில் பிரிந்துவிடுகிறது. பாலிஷ் மலிவு என்பதாலா? – வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: பாலிஷைக் குறை சொல்லாதீர்கள், அந்த வெந்நீர்தான் காரணமாக இருக்கும். நகம் தண்ணீரைக் குடித்து லேசாக உப்பும், அந்த நிலையில் ஜெல்லைப் போட்டு ஜெல்லுக்கான யூவி அல்லது எல்இடி விளக்கில் காட்டினால் ஜெல் இறுகிவிடும், அப்புறம் நகம் காய்ந்து சுருங்கும்போது ஜெல் கூடவே சுருங்காமல் பிரிந்து நிற்கும். அதனால் ஊறவைக்காமல் க்யூட்டிகிள் ரிமூவர் (நக ஓரத் தோலை மென்மையாக்கும் திரவம்) ஒரு சொட்டு வைத்து, நகத்தின் அடியில் இருக்கும் தோலை மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். நகத்தின் மேற்பரப்பில், அந்தத் தோலை ஒட்டிய இடத்தை லேசாகச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாக மாவு மாதிரி உதிரும். கண்ணுக்கே தெரியாமல் நகத்தோடு ஒட்டியிருக்கும் செத்த தோல் அது, அதன்மேல் ஜெல் பிடிக்கவே பிடிக்காது. உயிருள்ள தோலை மட்டும் வெட்டிவிடாதீர்கள், கிருமி புக அதுதான் வழி.

ரிமூவரை நன்றாகக் கழுவித் துடைத்து, கை முழுக்கக் காய்ந்த பிறகு 240 கிரிட் பஃப்பரால் (நகம் தேய்க்கும் மென்மையான உரகட்டை; கிரிட் என்பது அதன் சொரசொரப்பின் அளவு) பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் லேசாகத் தேயுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு ஒட்டாத துணியால் துடையுங்கள். அதற்குப் பின் விரலால் நகத்தைத் தொடவே கூடாது. நம் கோலாலம்பூர் புழுக்கத்தில் கை சீக்கிரம் வியர்த்துவிடும், விசிறிக்குக் கீழே உட்காருங்கள்.

மெல்லிய பூச்சாகப் போட்டு, நக நுனியின் விளிம்பையும் மூடுங்கள். தோலில் ஜெல் பட்டால் விளக்கில் காட்டுவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் அலர்ஜி வரலாம். நக ஓரத் தோலுக்கான க்யூட்டிகிள் எண்ணெயைத் தடவுவது, எல்லா வேலையும் முடிந்த பிறகுதான்.