நடிகர் இறந்தால் ஊரே அழுகிறது, ராணுவ வீரர் இறந்தால் ஏன் யாரும் அழுவதில்லை?

பதில் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளாக இந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. நீங்கள் சின்ன வயசுக்காரர் என்று நினைக்கிறேன். 2023 டிசம்பரில் விஜயகாந்த் உடலைப் பார்க்கத் தீவுத்திடலில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தோ, வாட்ஸ்அப்பில் வந்த எதையாவது படித்தோ உங்களுக்குக் கோபம் வந்திருக்கலாம். கோபம் சரிதான். ஆனால் அதை அழுகிற ஜனங்கள் மேல் காட்டாதீர்கள்.

1987-இல் நாங்கள் வியாசர்பாடியில் குடியிருந்தோம். என் அண்ணன் ராணுவத்தில் சிப்பாய், 23 வயசு. ஜூலையில் போட்ட இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது இல்லையா, அதில் அவனும் போனான். அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டுவிட்டது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து இரண்டே கடிதங்கள் வந்தன.

டிசம்பர் 24 காலையில் எம்.ஜி.ஆர். இறந்த செய்தி வந்தது. கடைகள் இல்லை, பஸ் இல்லை. தெருமுனை மன்றத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டு, பெண்கள் எல்லாம் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். மறுநாள் மெரினாவில் அடக்கம் முடிந்த பிறகும் அவர்கள் எழுந்து போகவில்லை. என் அம்மாவும் அங்கேதான் இருந்தார். எங்கள் வீட்டில் நாலு நாள் வெறும் கஞ்சிதான்.

28-ஆம் தேதி மத்தியானம் தந்திக்காரர் வந்தார். சைக்கிளை மன்றத்துச் சுவரில் சாய்த்து, எம்.ஜி.ஆர். படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் படித்த என்னிடம் நீட்டினார். 'டீப்லி ரிகிரெட்' என்று ஆரம்பித்தது. எனக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை. அடுத்த வரியில் இருந்த 'கில்டு' தெரிந்தது. 22-ஆம் தேதியே இறந்துவிட்டான்.

அப்பா மன்றத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னார். அம்மா கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்களா, யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பக்கத்து வீட்டு ஆயா, "நமக்குக் குடுத்துவைக்கலடி, தலைவரு போயிட்டாரு" என்று அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. உடனே அம்மா தலையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார். அப்புறம் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ராத்திரி வரைக்கும் யாரும் போகவில்லை.

நடிகருக்கு அழுகிறவர்கள் வேறு, வீரருக்கு அழுகிறவர்கள் வேறு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு பேருக்கும் அழுதது ஒரே ஜனங்கள்தான். ஒருவரை முப்பது வருஷமாகத் திரையில் பார்த்திருந்தார்கள். இன்னொருவன் செத்ததை யாராவது வந்து சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னால் வருவார்கள். 2014 ஏப்ரலில் தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜன் காஷ்மீரில் சோபியானில் நடந்த சண்டையில் இறந்தபோது டி.வி.யில் முகத்தைக் காட்டினார்கள், பெயரைச் சொன்னார்கள். பெசன்ட் நகர் மயானத்துக்கு எவ்வளவு பேர் வந்தார்கள்! நானும் போயிருந்தேன். பிறகு அவருக்கு அசோக சக்ரா என்ற உயரிய வீர விருதைக் கொடுத்தார்கள்.

எங்கள் அண்ணன் விஷயத்தில் அழுகையை விடப் பேச்சுத்தான் அதிகம் வலித்தது. உடல் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டி மட்டும் வந்தது. அதைப் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "தமிழனைச் சுடப் போனவன்தானே" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஈழத் தமிழர் பட்ட பாடு தெரியாமல் இதை எழுதவில்லை. அமைதிப்படையால் அங்கே அண்ணனை இழந்த தங்கைகள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. போ என்று அனுப்பியது அரசாங்கம், போனவன் 23 வயசுப் பையன். அதை மட்டும்தான் சொல்கிறேன். 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவருக்கு அவர் காரணம். அப்பா மட்டும் துறைமுகம் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார்.

சாலிகிராமத்தில் பரமேஸ்வரன் விகார் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் மார்பில் குண்டு பட்ட பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டு, போர் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர் அது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் சரியாகக் கொண்டுபோய் விடுவார். யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இப்போது 80 வயசு. அண்ணனுக்கான குடும்ப ஓய்வூதியத்துக்கு வருஷா வருஷம் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அம்மாவுக்குக் கைரேகை அழிந்துவிட்டது, மெஷின் எடுப்பதில்லை. போன வருஷம் நாலு தடவை அலைந்தோம். கவுன்டரில் இருந்த பையன், "எந்தப் போரும்மா?" என்றான். "இலங்கை" என்றேன். "அங்கே நமக்கு ஏதும்மா போர்?" என்றான். அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

2019 பிப்ரவரியில்தான் டில்லியில் இந்தியா கேட் பக்கத்தில் தேசியப் போர் நினைவுச் சின்னத்தைத் திறந்தார்கள். அந்த வருஷக் கடைசியில் அம்மாவைக் கூட்டிப் போனேன். 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்த ஒரு ஜவான்தான் அண்ணன் பெயரைத் தேடிக் காட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "தலைவர் சாவைப் பார்க்காம போயிட்டான்" என்றார். அண்ணனும் எம்.ஜி.ஆர். ரசிகன்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக அம்மா தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது.

அண்ணன் பெயரைக் கேட்டுக் கமென்ட் போடாதீர்கள். இங்கே எழுதினால், அடுத்து ஒரு நடிகர் இறக்கும் அன்றைக்கு, "இவருக்காக அழுதீர்களா?" என்று அவன் பெயரைப் போட்டு யாராவது ஃபார்வர்ட் அனுப்புவார்கள். அது அம்மாவுக்குப் பொறுக்காது.