டொரான்டோவில் நவம்பர் மாதம் குளிராமலும் ஸ்டைலாகவும் உடுத்துவது எப்படி?

கனத்த பனிக்கால ஜாக்கெட்டை இப்போதே எடுத்துவிடாதீர்கள். நவம்பரில் காலையில் 1, 2 டிகிரி இருக்கும், மதியம் 8, 9 வரை ஏறும்; கட்டடத்துக்குள் போனால் ஹீட்டர் சூட்டில் வியர்த்துவிடும். கழற்றி மாட்டத் தோதாக அடுக்கடுக்காகப் போடுவதுதான் சரி. உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி பனியன். பருத்தி என்றால் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து உடம்பைச் சில்லிட வைக்கும். மேலே ஸ்வெட்டர், அப்புறம் முழங்கால் வரை வரும் கம்பளிக் கோட்டு. ஸ்வெட்டரோடு போட்டுப் பார்த்தே கோட்டு வாங்குங்கள். தோள்பட்டைத் தையல் இழுக்கக் கூடாது. சாம்பல் கோட்டுக்குக் கடுகு மஞ்சள் மஃப்ளர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், உதிர்ந்த மேப்பிள் இலையின் நிறம் கழுத்தில் மிஞ்சியிருக்கும். காலுக்குத் தோல் பூட்ஸ். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அதில் வெள்ளையாகப் படியும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.