எடை குறைய ஓடுகிறவர்கள் கேட்டவை

கேள்வி: சார், மூன்று மாதமாக வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொரு நாளும் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஒரு கிலோகூட இறங்கவில்லை. ஓட்டம் எடையைக் குறைக்காதா?

பதில்: இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதேதான், ஆள்தான் வேறு. முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஓடும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். நீங்கள் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் 5 கிலோமீட்டருக்கு 350 கலோரி, வாரத்துக்கு 1400. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பதோ சுமார் 7700 கலோரி. ஆக, ஒரு கிலோ கரைய ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். மூன்று மாதத்தில் இரண்டு கிலோவும் கொஞ்சமும் இறங்கியிருக்க வேண்டும், அதுவும் காகிதத்தில்.

அந்த இரண்டு கிலோ எங்கே போனது? பெரும்பாலும் தட்டுக்குத்தான். 350 கலோரியைச் செலவழிக்க அரை மணி நேரம் வியர்க்க வேண்டும், திரும்ப ஏற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். நானே பல வருடம், 'இன்றைக்கு ஓடிவிட்டேனே' என்ற உரிமையில் இரவில் இன்னொரு முறை பரிமாறிக்கொண்டவன். அதை ஏமாற்று என்றுகூட மனது ஒப்புக்கொள்ளாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஓடிய நாளில் மற்ற நேரத்தில் நாம் அறியாமலே குறைவாக அசைகிறோம். மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், நிற்பதற்குப் பதில் நாற்காலி. உடலும் வேறு செலவுகளைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்சரும் அவருடைய குழுவினரும் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். நாள் முழுதும் நடக்கும் அவர்களுடைய மொத்தச் செலவு, உடல் எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் செலவிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை.

அதனால் ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள், ஆனால் கூட்டவும் வேண்டாம். இரண்டு வாரம் சாப்பிடுவதையும் குடிப்பதையும் அப்படியே எழுதி வையுங்கள். இடுப்பை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். எடை அசையாதபோதும் வயிற்றுக்குள் குடல், ஈரலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு ஓட்டத்தால் குறைவது உண்டு. இதய நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் அதிகம் வழிவிடுவது அந்தக் கொழுப்புதான். எடை மெஷின் அதைக் காட்டாது.

கேள்வி: நான் ரொம்ப மெதுவாக ஓடுவேன். இதற்கு நடந்தே போகலாம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வேகமாக ஓடினால்தான் கொழுப்பு கரையுமா?

பதில்: கேலி செய்பவர்களிடம் சொல்லுங்கள்: ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடினாலும் ஒன்பது நிமிடத்தில் ஓடினாலும் அந்தத் தூரத்துக்கான செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். இத்தாலியின் ரோடால்ஃபோ மார்கரியாவும் அவருடைய சகாக்களும் 1963-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். வேகமாக ஓடினால் நேரம் மிச்சம், நெஞ்சுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் எடை குறைக்க வந்த புதியவர் வேகமாக ஓடினால் இரண்டாவது கிலோமீட்டரிலேயே நின்றுவிடுவார். மெதுவாக ஓடுபவர் ஐந்தாவது வரை போவார். ஓடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அந்த வேகம் சரி.

டிரெட்மில்லில் எழுதியிருக்கும் 'கொழுப்பு எரியும் வேகம்' பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். மெதுவான வேகத்தில், எரியும் எரிபொருளில் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பது உண்மை. ஆனால் மொத்தம் எவ்வளவு எரிந்தது என்பதுதான் கடைசியில் கணக்கு. அந்தத் திரையில் வரும் கலோரி எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள், அது கொஞ்சம் தாராள மனசுக்காரர்.

கேள்வி: என் எடை 98 கிலோ. ஓடலாமா, நடந்தால் போதுமா? மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு, ஓடாதவர்களைவிட மூட்டுத் தேய்மானம் அதிகமாக வருவதாகத் தெரியவில்லை. ஆகவே ஓட்டம் என்றாலே மூட்டு போய்விடும் என்பது வெறும் பயம். ஆனால் உங்கள் வீட்டாரின் கவலை முழுக்கத் தவறும் இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்கும். உங்களுக்கு அது 200 கிலோவுக்கும் மேல். நடையில் இந்த அடி மிகவும் குறைவு. அதே தூரம் நடந்தால் ஓட்டச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காவது செலவாகிவிடும். எனவே ஆரம்பத்துக்கு நடை தாராளமாகப் போதும்.

இரண்டு மாதம் வேகமாக நடங்கள். அப்புறம் ஐந்து நிமிட நடைக்கு நடுவே ஒரு நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும், மூச்சு வாங்குவது குறையும், 'இன்னும் ஓடலாம் போலிருக்கிறதே' என்று ஆசை வரும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். முன்னங்கால் எலும்பு வலி, குதிகால் வலியெல்லாம் இந்த இடைவெளியில்தான் வரும். மூச்சு தயார் என்றாலும் காலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, இரத்த அழுத்தம், சர்க்கரை ஏதாவது இருந்தால் ஓடத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் வெறும் வயிற்றில் ஓடினால் சீக்கிரம் குறையுமா?

பதில்: ஓடும் அந்த நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரியும். மொத்த உணவு மாறாவிட்டால் உடல் அதை நாளின் மீதி நேரத்தில் சரிக்கட்டிவிடும். உங்களுக்கு எது வசதியோ அது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் ஓட வேண்டாம், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

கேள்வி: வியர்ப்பதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு ஓடினேன். ஒரே நாளில் 1.2 கிலோ குறைந்தது! தொடரலாமா?

பதில்: வேண்டாம். குறைந்தது தண்ணீர். இரண்டு சொம்பு குடித்ததும் திரும்பி வந்துவிடும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். அதைத் தடுத்துவிட்டு ஓடினால் உடல் சூடு ஏறி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

கொழுப்பு எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்டால் நிறையப் பேர் வியர்வை என்பார்கள். ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோதான் தண்ணீராகிறது.

கேள்வி: தொப்பை மட்டும் குறைய எப்படி ஓட வேண்டும்?

பதில்: எப்படி ஓடினாலும் எங்கிருந்து முதலில் எடுப்பது என்பதை உடல்தான் முடிவு செய்யும். பலருக்கு முகம் முதலில் ஒடுங்கும். 'என்ன, உடம்பு சரியில்லையா?' என்று நாலு பேர் கேட்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. உணவைப் பாதியாகக் குறைத்து, தினமும் 10 கிலோமீட்டர் ஓடி 9 கிலோ குறைத்தேன். ஆனால் நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. எடை குறைந்தால் இப்படி ஆகுமா?

பதில்: அம்மா, இதைப் படித்ததும் மகளிர் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். கர்ப்பம், தைராய்டு போன்ற காரணங்களை அவர் முதலில் பார்ப்பார். அவை இல்லையென்றால், ஓட்டத்தின் செலவு போக உடலை நடத்த மிச்சம் இல்லாததால் மாதவிடாய் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். ஓட்ட வீராங்கனைகளிடம் தெரிந்த சிக்கல்தான் இது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்குத் தனிப் பெயரே கொடுத்தது. மாதவிடாய் இப்படி நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறையும், அது குறைந்தால் எலும்பு மெலியும். 24 வயது எலும்பைச் சேர்த்துவைக்கும் வயது. மருத்துவரைப் பார்க்கும்வரை ஓட்டத்தை நிறுத்துங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். இரண்டு கிலோ ஏறினால் ஏறட்டும்.

கேள்வி: ஓட்டமும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாக 12 கிலோ குறைத்துவிட்டேன். இனி ஓட்டத்தை நிறுத்தலாமா?

பதில்: இப்போதுதான் ஓட்டத்துக்கு உண்மையான வேலையே வருகிறது. என்னைக் கேட்டால், எடையை இறக்குவதில் பெரிய பங்கு சாப்பாட்டுக்கு, இறங்கியதை ஏறவிடாமல் பிடித்துவைப்பதில் பெரிய பங்கு உடற்பயிற்சிக்கு. ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் 1994-இல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது காப்பாற்றியவர்களுக்கு மட்டும் அதில் இடம். அவர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்வதாகச் சொல்கிறார்கள், அதில் பெரும்பாலும் நடைதான்.

ஒன்றைக் கவனியுங்கள். 82 கிலோவில் 5 கிலோமீட்டருக்கு 410 கலோரி செலவழித்த நீங்கள், 70 கிலோவில் அதே தூரத்துக்கு 350 தான் செலவழிக்கிறீர்கள். சாப்பாடு பழைய அளவுக்குப் போனால் எடையும் போகும். கொழுப்போடு கொஞ்சம் தசையும் கரைந்திருக்கும். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் ஓட்டத்துக்குப் பதில் எடை தூக்குங்கள், அல்லது தண்டால், பஸ்கி செய்யுங்கள். தசைக்கு வாரம் இரண்டு நாள் பயிற்சி வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஓட்டம் அலுத்துவிட்டதால்தான் நிறுத்தக் கேட்கிறீர்கள் என்றால் நீச்சலுக்கோ சைக்கிளுக்கோ மாறிவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.